பாறைப் பெரணிக்கு ஊற்றிய பால்

மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கம், எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறைக் குன்று உண்டு. அதை வெடி வைத்து உடைக்கப் போவதாகத் தெரிந்ததும், கோயிலும் போய்விடுமே என்று கலங்கியிருந்தோம். அப்போதுதான் செடிகளை ஆராயும் ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். பாறை இடுக்கில் இருந்த பெரணிச் செடியைக் காட்டினாள்.

"அக்கா, இது அழிஞ்சிக்கிட்டு வர்ற செடி. மலாக்காவுல வேற எங்கேயும் நான் பார்த்ததில்ல. பாதுகாக்கணும்னு பதிவு பண்ணிட்டா, குன்றைத் தொடவிடாம நிறுத்தலாம்லா. அடுத்த மாசம் வர்றேன்."

அன்றிலிருந்து அது எங்களுக்குச் சாமி. மஞ்சள் துணி கட்டினோம். வெயில் கொளுத்திய வாரத்தில் அது பழுப்பாகிச் சுருண்டுபோனது. செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தோம். பெக்டரி வேலை முடிந்ததும் நேரே ஓடுவேன். அம்மனுக்கு அபிஷேகம் செய்ததுபோக மிஞ்சிய பாலையும் மஞ்சள் நீரையும் தினமும் அதற்கு ஊற்றினோம்.

அவள் திரும்பி வந்து தொட்டதும் செடி அழுகலாகக் கையோடு வந்துவிட்டது. புளித்த பால் வாடை அடித்தது.

"காய்ஞ்சா சுருண்டுக்கும் அக்கா. மழை பெஞ்சா தானா விரிஞ்சிக்கும். அப்ப அது சாகல," என்றாள்.

"வேற இருக்கா பாரும்மா," என்றேன். இருட்டும்வரை பாறை முழுக்கத் தேடினோம். இல்லை.

நேற்று நல்ல மழை. வெறும் மஞ்சள் துணிதான் நனைந்துகொண்டிருந்தது. குன்றின் அடியில் துளை போடும் இயந்திரம் வந்து நிற்கிறது. எங்களுக்குக் கும்பிடத் தெரிந்தது. சும்மா விடத் தெரியவில்லை.