நைனாவின் கையும் என் இடது காதும்

என் அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஊரில் எல்லோரும் ஏரியையும் நாரைகளையும்தான் சொல்வார்கள். நான் முதலில் அவர் கையைச் சொல்வேன். என் இடது காதைச் செவிடாக்கிய கை அது.

நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஏரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் வருஷா வருஷம் நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர்தான் எங்கள் நெல்லுக்கு உரம். அதனால் ஊரில் தீபாவளிக்கும் வெடி கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது. எழுதிவைத்த சட்டமெல்லாம் இல்லை. மீறினால் நைனா இருந்தார், அவ்வளவுதான். வலை விரித்தவன் ஒருவனின் முகத்தை வரப்பில் வைத்துத் தேய்த்தார். நாரை சுட்ட என் தாய்மாமனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அதற்குப் பிறகு அம்மா பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். திருக்கழுக்குன்றத்தில் சித்தி வீட்டிலிருந்து ஒரே ஒரு லட்சுமி வெடியைப் பாவாடையில் முடிந்து கொண்டுவந்தேன். தை மாதம், கூடெல்லாம் குஞ்சு. ஏரிக்கரையில் வைத்துப் பற்றவைத்தேன். அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பிய வேகத்தில் கூடுகள் சரிந்து, குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று தண்ணீரில் விழுந்தன. நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவற்றைத் துண்டில் அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றுக்கும் உயிரில்லை. துண்டைத் தரையில் மெதுவாக வைத்தார். பிறகு என்னை அறைந்தார். ஒரே அறைதான், காதிலிருந்து ரத்தம் வந்தது. மூன்று நாள் உள்ளே குய்யென்று சத்தம். நாலாம் நாள் அதுவும் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மாதம், தினமும் காலையில் என் இடது பக்கமாகப் பின்னால் வந்து நின்று, "பாப்பா" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்ப்பார். அவர் நிழல் தரையில் விழும், எனக்குத் தெரியும். வலது காதில் லேசாகக் கேட்கவும் செய்யும். ஆனாலும் ஒரு நாள்கூட நான் திரும்பவில்லை. அவரும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மகள் பிறந்ததும் ஆள் அப்படியே மாறிப்போனார். நான் வாழ்க்கைப்பட்ட படூரிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் தோளில் தூக்கிக்கொண்டு கரையெல்லாம் நடப்பார். பறவை எழும்பிவிடும் என்று அவள் காதருகே கிசுகிசுப்பார். தாத்தா யாரையுமே அடிக்க மாட்டார், நீ பொய் சொல்கிறாய் என்று அவள் என்னிடம் சண்டை போட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

போன தை மாதம் நைனா செத்துப்போனார். பாடை கட்டி முடித்த நேரத்தில், வேன் ஓட்டும் என் தம்பி தெருமுனையில் பத்தாயிரம் வாலா சரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். துக்க வீட்டில் யார் தடுப்பார்கள்? வெடிக்கட்டுமே, அந்த ஆளுக்கு நல்லா வேணும் என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய், வேண்டாம்டா என்றேன்.

"செத்தவருக்கு காது கேக்குதா இன்னா? பெரிய சாவுக்கா. வெடி இல்லாம அநாதப் பொணமாட்டம் தூக்கினு போவ சொல்றியா?"

தீப்பெட்டியை உரசினான். கை தானாக எழுந்தது. அறை விழுந்த இடம் அவன் இடது காது. தடுமாறிச் சரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சட்டைக் காலரில் ஒரு சொட்டு ரத்தம். என் மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தம்பி எழுந்து கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டான். வெடியில்லாமல், மேளமில்லாமல் நைனா போனார். ஏரியில் ஒரு பறவையும் எழும்பவில்லை.

மறுநாள் சாம்பலைக் கலயத்தில் எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் கடலுக்குப் போனோம். வழியில் தம்பி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"காதுல குய்யினு கீதுக்கா."

அந்தச் சத்தம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா?

அவன் அலையில் இறங்கிச் சாம்பலைக் கரைத்துவிட்டுக் கரையேறி நடந்தான். நான் பின்னாலேயே, அவன் இடது பக்கமாகப் போனேன். "தம்பி" என்று மெல்லக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். இல்லை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டேன். அவன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தான். பாவி, என் கையால் இன்னொரு காதையும் எடுத்துக்கொண்டாயா என்று மனசுக்குள் நைனாவைத் திட்டினேன்.

தார்ரோட்டில் கால் வைத்த பிறகுதான் தம்பி என் பக்கம் திரும்பினான்.

"மூணு வாட்டி கூப்ட்ட. சாம்பல கரைச்சிட்டு வரப்ப திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு உனுக்குத் தெரியாதா?"

கேட்டிருக்கிறது. மூன்று தடவையும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. ரோட்டோரம் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவனுக்குத் திரும்பக் கூடாத காரணம் இருந்தது. முப்பது காலையும் நைனா கூப்பிட்டாரே, ஒரு தடவை நான் திரும்பியிருக்கலாம்.