காலுக்கும் கண்ணுக்கும் ஒரே மரபணு

வண்ணத்துப்பூச்சி வளர்ப்பதுதான் என் வேலை என்றால் பாதிப்பேர் நம்புவதில்லை, நம்புகிறவர்கள் பொறாமைப்படுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகக் குப்பை கொட்டுகிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

இரண்டு வேலை

மலேசியாவில், சாஆ தோட்டத்திலிருந்து ஜொகூர் பாரு நகரத்துக்கு வந்த முதல் வாரம். வளர்ப்பறை எப்போதும் மழை விட்ட சாயங்காலம் போல வெதுவெதுப்பாக இருக்கும். சோள நாற்றுகளுக்கு நடுவே பழுப்புப் பூச்சிகள் சத்தமில்லாமல் எழும்பி அமரும். ஆய்வை நடத்தும் டாக்டர் ஷர்மினி, ஒன்றின் சிறகிலிருந்த கண் போன்ற வட்டங்களைக் காட்டினார். பூச்சிகளுக்குக் கால் முளைக்கவைக்கும் மரபணு ஒன்று, வண்ணத்துப்பூச்சிகளில் அந்தப் பழைய வேலையையும் விடாமல், சிறகில் கண் வரையவும் ஆரம்பித்துவிட்டதாம். தரை துடைத்துக்கொண்டிருந்த, பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து வரும் குமுதா அக்கா நிமிர்ந்தார்.

"அலமாக்! காலைல அன்னாசித் தோட்டம், சாயங்காலம் டாக்சி. எங்க வீட்டுக்காரரு மாதிரிதான் லா!"

கறுத்த முட்டைகள்

கண் வரைவது அந்த மரபணுதான் என்று நிரூபிக்க, முட்டைக்குள் மருந்தை ஊசியால் செலுத்தி அந்த மரபணுவை வெட்ட வேண்டும். ஊசி போடுவது நான். வாரக்கணக்கில் தட்டுத் தட்டாக முட்டைகள் பொரிக்காமல் கறுத்துப் போயின. ஆய்வுக்கான அனுமதியோ அந்த ஆண்டோடு முடிகிறது. என் கைதான் ராசியில்லாத கை என்று அழுதேன். ராஜினாமா கடிதத்தை நீட்டினேன். டாக்டர் அதைப் படிக்கவே இல்லை. கறுத்த முட்டை ஒன்றைப் பிரித்து, நுண்ணோக்கியில் வைத்து, பார்க்கச் சொன்னார். உள்ளே குட்டிப் புழு. அதற்குக் காலே இல்லை.

"உன் மேல தப்பில்ல, ஸ்டெல்லா. புது வேலைய நிறுத்தப் போயி, பழைய வேலையையும் நிறுத்திட்டோம். மருந்தக் குறைச்சுப் போடு."

ஒரு பக்கம்

குறைத்தோம். சில புழுக்கள் பிழைத்தன. சோள இலை தின்று கொழுத்து, கூடாகித் தொங்கின. மழை பெய்த ஒரு மதியம், ஒரு கூடு பிளந்தது. ஈரச் சிறகுகள் மெல்ல மெல்ல விரிய, நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் நின்றோம். இடச் சிறகில் கண்கள். வலச் சிறகில் வெறும் பழுப்பு, காய்ந்த இலை மாதிரி. வெட்டு ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது. கால்கள் பத்திரம். டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, குமுதா அக்கா உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க, ஒரு பக்கம் தூங்குது."

ஒரு பூச்சியின் ஒரு சிறகில் இருந்திருக்க வேண்டிய கண்களைக் காணாமல் போகச் செய்ததுதான், இதுவரை நான் சாதித்த பெரிய காரியம்.