நெருப்பில்லாத அக்கினிச்சட்டி

கை வெந்த அன்று எனக்கு அம்மன் மேல் கோபமில்லை. புண் ஆறிய பிறகுதான் வந்தது. அது இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மன் செய்த நன்மையைச் சொல்ல வந்தவள் இப்படியா ஆரம்பிப்பது என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் மாரிச்செல்வி. கோவில்பட்டியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம்தான் சொந்த ஊர். பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சித்திரை வெயில். மருந்து முக்கிக் காயவைத்திருந்த குச்சிகள் திடீரென்று பற்றிக்கொண்டன. என் வலது கை முழங்கை வரை வெந்தது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, "சாமி புண்ணியத்துல உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றார். அந்த ஆப்பிளை நான் தொடவில்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். விரல்கள் விரிந்தே இருக்கும்படி ஒரு பட்டை வைத்துக் கட்டி, "வலித்தாலும் கழற்றக் கூடாது, விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் நடந்தது வேறு. நான் அழுதேன். அம்மா பட்டையைக் கழற்றினாள். அத்தை ஓடி வந்து, "ஏட்டி, கைய அசைக்காத. பச்சப் புண்ணுல்லா?" என்றாள். மடக்கித் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டால் வலிக்கவில்லை. ஆளாளுக்குச் சோறு ஊட்டினார்கள். வெந்த தோல் ஆறும்போது சுருங்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஆடி பிறப்பதற்குள் என் விரல்கள் உள்ளங்கைக்குள் போய் ஒட்டிக்கொண்டன. பேனா பிடிக்க முடியாது. தலை பின்ன முடியாது. பாவாடை நாடா கட்டுவதற்கும் அம்மா வர வேண்டும். நெருப்பு பாதி செய்தது என்றால் மீதியைச் செய்தது எங்கள் வீட்டு இரக்கம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தை மகள் கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்றபோது, "கைய துப்பட்டாவுக்குள்ள வச்சுக்கோ தாயி" என்றாள் அதே அத்தை. நான் மேடையிலிருந்து இறங்கி நேராக ஊர் மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். கும்பிடலாம் என்றால் இரண்டு கையும் சேரவில்லை. கும்பிடக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாளே! "ஒம் பேரத்தான எனக்கு வச்சாங்க? ஒண்ணு கையத் தொற, இல்லன்னா என்னைய எடுத்துக்கோ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதைவிட உண்மையான பிரார்த்தனை என் வாழ்க்கையில் இல்லை.

என்னைத் தேடி வந்த அம்மா அங்கேயே ஒரு வேண்டுதல் வைத்தாள். "தாயே, இவ கை விரிஞ்சா பங்குனிப் பொங்கலுக்கு ஒனக்கு அக்கினிச்சட்டி எடுப்பா." கனன்று எரியும் சட்டியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வர வேண்டும். வெந்தது போதாதா? பல நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.

கொஞ்ச நாளில் கோவில்பட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்தார். என் கையையே பார்த்தார். கேட்காமல் கொள்ளாமல் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரு ஒன்ன இப்படி மடக்கி வைக்கச் சொன்னது?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். அவர்தான் ஜெயந்தி அக்கா, பிசியோதெரபிஸ்ட். பாவம் என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் இருந்தது. அம்மன் எனக்கு ஒரு கோபக்காரியை அனுப்பி வைத்தாள்.

அக்கா சொன்ன டாக்டர் சுருங்கிய தோலை வெட்டி விட்டுப் புதுத் தோல் ஒட்டினார். இந்தத் தடவை நான் அழுதாலும் பட்டையைக் கழற்றக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். அது ஆறியதும், "கை விரிஞ்சா என்ன செய்யணும் ஒனக்கு?" என்று ஜெயந்தி அக்கா கேட்டார்.

"அக்கினிச்சட்டி எடுக்கணும். அவ முன்னால போய் நின்னு, ஏன் இப்படிச் செஞ்சன்னு கேக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வரும்போது ஒரு மண்சட்டி வாங்கிட்டு வா" என்றார்.

சட்டியின் அடியில் என் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு விரலாக விரித்து அழுத்துவார். உயிர் போகும். "வலிக்கத்தான் செய்யும். என்னையத் திட்டிக்கோ, கைய எடுக்காத" என்பார். அவரைத் திட்டினேன். முதலாளியை, அத்தையை, அம்மனைத் திட்டினேன். மாசிக்குள் விரல்கள் சட்டியை அணைத்துப் பிடித்தன.

ஆனால் நெருப்பு மட்டும் கூடவே கூடாது என்றார் அக்கா. "ஒட்டின தோலுக்குச் சூடு சரியா ஒறைக்காது. வெந்தாலும் ஒனக்குத் தெரியாது." இதைக் கேட்டு அம்மா இடிந்துபோனாள். சாமி குத்தமாகிவிடும் என்று அழுதாள்.

பங்குனிப் பொங்கலன்று பார்த்தால் அம்மா மஞ்சள் சேலை கட்டி, தலைக்குக் குளித்து நிற்கிறாள். கையில் காப்பு. எனக்குத் தெரியாமல் விரதம் இருந்திருக்கிறாள். "நேந்தது நாந்தான? நெருப்ப நான் எடுக்கேன். நீ வெறுஞ்சட்டிய ஏந்திட்டு எங்கூட வா" என்றாள். அந்த இடத்தில் அம்மா மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவள் கையில் எரியும் சட்டி, என் கையில் வெறும் சட்டி. "நெருப்பில்லாத அக்கினிச்சட்டியா? இதென்ன கூத்து!" என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

சன்னதியில் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஏன்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்தேன். சேர்ந்தன. தேம்பித் தேம்பி அழுதேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். இடுப்பில் பெண் குழந்தையோடு ஒரு பெண். குழந்தையின் முழங்கையை மடக்கித் துண்டால் சுற்றியிருந்தது. "சுடுதண்ணி கொட்டிட்டு தாயி. அசைச்சா அழுவுதேன்னு கட்டி வச்சிருக்கோம். ஒங் கை எப்படி விரிஞ்சுது?"

எனக்கு வந்த கோபம்! "யாரு ஒங்கள இப்படி மடக்கி வைக்கச் சொன்னது?" கோவிலே திரும்பிப் பார்த்தது. கத்திய பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. அம்மன் எனக்குச் சொன்ன பதில் அதுதான் என்று இன்றுவரை நம்புகிறேன். மறுநாளே அந்தக் குழந்தையை ஜெயந்தி அக்காவிடம் கூட்டிப் போனேன். அந்த வருஷமே பிசியோதெரபி படிக்கச் சேர்ந்தேன்.

என் சிகிச்சை அறையில் அந்த மண்சட்டி இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசிலிருந்தும் பட்டாசு வேலையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வெந்த கைகள் அதைப் பிடித்துப் பழகுகின்றன. உங்களுக்கும் சொல்கிறேன். கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவளிடம் போங்கள். கத்துங்கள். அவள் தாங்குவாள், ஆளும் அனுப்புவாள். ஆனால் வெந்த கையை மடக்கிக் கட்டிக்கொண்டு வீட்டில் மட்டும் உட்காராதீர்கள்.

தினமும் காலையில் இரண்டு கையும் சேர்த்து அவளுக்கு நன்றி சொல்கிறேன். சுண்டு விரல் மட்டும் இன்னும் முழுசாக நிமிரவில்லை. அதைப் பற்றி அவளிடம் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.