விசிறிக்கு ஆடிய கோடு

என் அண்ணிக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். அளவுக்கருவி செய்யும் தொழிற்சாலையில் அத்தனை வருடம் சோதனை மேசையில் இருந்தவளை, ஆலையை மூடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பாட்டுக்கு என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ரிப்பேர் வேலை பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அண்ணன் ஒரு துணிக்கடையில் கல்லா வேலைக்குச் சொல்லிவைத்தான். திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்த வாரம் பார்த்து ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்காரர் ஒருவர் பழைய ஆசிலாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மின் அலையைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. அளக்கும் முனையைத் தவறிப்போய் கரண்ட் கம்பியிலேயே வைத்துவிட்டாராம்.

"இது சரியாச்சுன்னா, கடையில கிடக்கிற மத்த மெஷினும் உங்ககிட்டதாம்மா" என்றார்.

அண்ணி கழற்றிப் பார்த்தாள். சிக்னல் நுழையும் இடத்திலேயே பஃபர் சர்க்யூட் கருகிக் கிடந்தது.

"அது என்ன பண்ணும் அண்ணி?"

"வர்ற சிக்னல்லேருந்து தனக்குன்னு எதையும் எடுத்துக்காது. எடுத்தா, அளக்கப் போன இடமே மாறிப்போயிடும். வந்ததைக் கூட்டாம குறைக்காம, பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெம்பா எடுத்துச் சொல்லும்."

"அப்படி ஒரு ஆள் நம்ம சொந்தத்துலயே கிடையாதே!"

அண்ணி சிரித்தாள். கருகிய பாகத்தில் ஒரே உலோக மூடிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஒன்று சிக்னலை வாங்கும். சூட்டில் அது தடுமாறினால், இன்னொன்றும் அதே அளவு தடுமாறிச் சரிக்கட்டிவிடும். அந்த ஜோடி இப்போது கடையில் கிடைப்பதில்லை. அதனால் தனித்தனியாக வாங்கி, ஒன்றுபோல இருந்த இரண்டை அளந்து பொறுக்கிப் பற்றவைத்தாள்.

கோடு வந்தது. ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை எதை எதையோ மாற்றிப் பார்த்தாள்.

"என் கைக்கு வேலை மறந்துபோச்சு போல. கல்லாவுக்கே போயிடறேன்மா."

முகமெல்லாம் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். அந்த மேசை விசிறி வேறு, இரண்டு பேருக்கும் பங்கு வைப்பதுபோல் இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அதன் கழுத்தைப் பிடித்து அவள் பக்கமே நிற்க வைத்தேன்.

"ஏய், இப்ப என்ன பண்ணே?"

"ஐயோ, நான் எதையும் தொடலை அண்ணி! விசிறியைத்தான்..."

கோடு நின்றிருந்தது. அண்ணி விசிறியைத் திரும்ப ஆடவிட்டாள். கோடும் ஆட ஆரம்பித்தது.

"ஒரே மூடிக்குள்ள கூட்டுக் குடித்தனம் பண்ணினதுங்களைப் பிரிச்சு வச்சுட்டேன்! ஒண்ணுக்குக் காத்து, ஒண்ணுக்குப் புழுக்கம். அப்புறம் எப்படி ஒத்துப்போகும்?"

டிரான்சிஸ்டர் இரண்டையும் கழற்றினாள். நடுவில் சூடு கடத்தும் பசை தடவி, முகத்தோடு முகம் ஒட்டி, என் நூல்கண்டை வாங்கி இறுக்கிச் சுற்றினாள். திரும்பப் பற்றவைத்து, அதன் மேல் ஒரு சின்ன மூடியும் போட்டாள்.

சாயங்காலம் ரிப்பேர்காரர் வந்தார். சின்ன அசைவையும் பெரிதாக்கிக் காட்டும் குமிழை முழுக்கத் திருப்பி, நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். விசிறி முழு வேகத்தில் ஓடியது. கோடு இம்மியும் அசையவில்லை.

"காலையில ஆட்டோவுல மத்ததையும் அனுப்பிடறேம்மா" என்று எழுந்தார்.

அவர் போனதும் அண்ணி துணிக்கடைக்குப் போன் செய்தாள்.

"ஐயா, நாளைக்கு நான் வரலைங்க."

"ஏன்மா, வேற வேலை கிடைச்சிடுச்சா?"

"இல்லைங்க. என் வேலையிலதான் இருக்கேன்."