ஆற்றின் அக்கரையில் கேட்ட வெடி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கார்த்திகை மாதத்து ஒரு காலை. அப்போது நாங்கள் ரொறன்ரோவில் டோர்செட் பார்க் பக்கம் இருந்தோம். நான் ஸ்பொன்சர் செய்து மனைவி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான்.

நான் வேலை செய்த பாக்டரியின் சூப்பர்வைசருக்கு, நகரத்துக்கு வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில், மலைப்பாங்கான இடத்தில் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. அங்கே ஓடும் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க வரச் சொன்னார். மெஷின் இரைச்சலுக்குள் இன்னும் ஏதோ நிறையச் சொன்னார். பாதிதான் விளங்கியது. விளங்காததற்கெல்லாம் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டுவது அந்த நாளில் என் வழக்கம். திருப்பிக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற எண்ணம்.

நாங்கள் போனபோது பண்ணையில் யாரும் இல்லை. நான் தூண்டில் போட்டேன். மனைவி குளிருக்கு என் மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "உதிலை கொஞ்சம் நடந்திட்டு வாறன்" என்று மரப்பாலத்தால் அக்கரைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு மீன் கொத்தியது. அதை இழுக்கும்போதுதான் வெடிச் சத்தம். அக்கரையில், மிகக் கிட்டத்தில்.

தூண்டிலை விட்டுவிட்டு ஓடினேன். பாலத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது.

"எங்கை நிக்கிறீர்? சத்தம் போடும்" என்று கத்தினேன். பதில் இல்லை. காய்ந்த பற்றைகள், உதிர்ந்த இலைகள், எல்லாமே அந்தக் கோட்டின் நிறம்.

ஒரு பற்றைக்கு அப்பால், ஒரேஞ்ச் வெஸ்ட் போட்ட ஒருவர் துப்பாக்கியோடு நின்றார். என்னைக் கண்டதும் அதை நிலத்தில் வைத்துவிட்டுப் பற்றைக்குள் கைகாட்டினார். மனைவி குப்புறக் கிடந்தார். அசைவில்லை. தோளைத் தொட்டேன்.

"முடிஞ்சுதோ?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார்.

சண்டை நடக்கும் எங்கள் ஊரில் வெடி கேட்டால் படுப்பதுபோலப் படுத்திருக்கிறார். சத்தம் போடவும் பயம்.

அந்த வேட்டைக்காரர் சைகையும் சொல்லுமாக, எனக்கு விளங்கும்வரை மெதுவாகச் சொன்னார். அவர் சுட்ட மான் காயத்தோடு அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது. பற்றைக்குள் மண்ணிறமாக ஏதோ அசைய, இரண்டாம் வெடிக்குக் குறிபார்த்தாராம். அந்த நேரம் என் கத்தல் கேட்டிருக்கிறது. வெஸ்டைக் கழற்றி மனைவிக்குப் போட்டுவிட்டு, மரக்குற்றியொன்றில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டார். 'ஸாரி, ஸாரி' என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

மத்தியானம் வந்த சூப்பர்வைசர், நடந்ததைக் கேட்டு முகம் வெளிறினார். "இது மான் வேட்டைக் காலம், ஒரேஞ்ச் உடுப்பில்லாமல் அக்கரைக்குப் போகாதே என்று சொன்னேனே" என்றார்.

காரில் திரும்பும்போது மனைவி கேட்டார்: "அவர் உங்களுக்கு முந்தியே சொன்னவரோ?"

"ஓம், சொன்னவர். எனக்கு விளங்கேல்லை."

"அப்ப ஏன் திருப்பிக் கேக்கேல்லை?"

இப்போது எவரிடமும் எத்தனை தரமும் திருப்பிக் கேட்கிறேன். கேட்க வெட்கம் வரும் போதெல்லாம், பற்றைக்குள் அசையாமல் கிடந்த அந்த முதுகு கண்ணுக்குள் வந்து நிற்கிறது.