பீலி நின்ற காலை

புயல் என்றால் அது கடலோரத்துக்காரர்களின் கஷ்டம் என்றுதான் நினைத்து வளர்ந்தோம். திருகோணமலை, மட்டக்களப்பு என்று செய்தியில் சொல்வார்கள். எங்கள் மலைக்கு அதன் மிச்சம் நாலைந்து நாள் மழையாக வரும். இந்த முறை காற்றும் சேர்ந்து வந்தது. மூன்று நாளாக, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கூரைத் தகரங்கள் அடித்துக்கொண்டே இருந்தன. கொழும்பில் கடையில் வேலை செய்யும் கணவரோடு பேச முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. எட்டு மாத மகளோடு நான் தனியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு வாசலில் நின்றார்.

"டீச்சர், குடிக்கத் தண்ணி இருக்குதா? பீலி நின்னு போச்சு."

"இவ்வளவு மழையிலயா?"

"மழையிலதானே எல அடைக்கும்? அவரு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போறாரு, குத்தி விட்டுருவாரு."

அதில் தவறொன்றும் இல்லை. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர்தான் எங்கள் பீலியில் விழுகிறது. மழைக்காலத்தில் குழாய் வாயில் சருகு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். யாராவது ஏறிப்போய்த் தள்ளிவிட்டு வருவார்கள். ஆனால் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் வேறொன்றையும் சொல்லியிருந்தார்கள். அடைமழையில் ஊற்று திடீரென்று நின்றால் மண் நகரத் தொடங்கியிருக்கலாம், உடனே வெளியேற வேண்டும் என்று. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே அது எனக்கு நினைவு வந்தது.

நான் சொல்லவில்லை.

முந்திய வருடம் சொல்லியிருந்தேன். சுவரில் ஒரு வெடிப்பைப் பார்த்துப் பயந்து லயம் முழுவதையும் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினேன். இரண்டு நாள் கைக்குழந்தைகளோடு சிமெண்டுத் தரையில் படுத்தார்கள். மூன்றாம் நாள் பளீரென்று வெயில் அடித்தது. அதிலிருந்து தூறல் விழுந்தாலே என்னிடம் ஒரே கேள்விதான்.

அன்றும் அக்காவின் கணவர், அந்த அண்ணன், மழைக்குத் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு படியேறும்போது திரும்பிக் கேட்டார்: "என்னா டீச்சர், பொட்டி கட்டியாச்சா?"

"இல்லண்ணே, இந்தத் தடவ கட்டல" என்று சிரித்தேன்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார். வளைவுவரை அவர் நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவும் செய்தேன் என்று நினைக்கிறேன். இப்போது அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பையைக் கட்டினேன்.

"பிள்ளைக்கு நெஞ்சுச் சளிக்கா. பள்ளிக்கூட ஹோல்ல கொஞ்சம் சூடா இருக்கும்" என்று அக்காவிடம் சொன்னேன். குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பள்ளிக்கூடத்துப் படியருகே போயிருப்பேன், பின்னால் அக்கா கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"பால்மா டின்ன வச்சிட்டு வந்துட்டீங்களே! படிச்ச பொம்பளைக்கு இதுகூடவா நெனப்பில்ல?"

டின்னை வாங்கும்போதுதான் சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல் கொட்டுவதைப் போல, ஆனால் நிற்காமல். மேட்டிலிருந்து இறங்கிய மண் லயத்தின் கடைசி நாலு வீடுகளை மூடியது. அதில் என் வீடும் அக்கா வீடும் இருந்தன. குழாய்க்குப் போகும் பாதையே இல்லை. அண்ணனின் உடலை நான்காம் நாள்தான் எடுத்தார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் பாய்கள் அடுத்தடுத்து இருந்தன. என் மகளை அக்காதான் தூக்கி வைத்துக்கொள்வார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "டீச்சரோட பிள்ளையாலதான் என் உசுரு நிக்குது" என்று சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வெளியே போவேன். சொல்லியிருந்தாலும் அண்ணன் சிரித்துவிட்டுப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒருவேளை நின்றிருப்பாரோ என்றும் தோன்றும். கண்ணை மூடினால் அந்த வளைவில் அவர் முதுகு தெரியும், திரும்பவே மாட்டார்.

போன வாரம் ஓர் அதிகாரி மண்சரிவின் அடையாளங்களை விளக்க வந்தார். ஊற்று நிற்பதைப் பற்றியும் சொன்னார். அக்கா என் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அதிகாரி போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி நின்னா ஆபத்துன்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா டீச்சர்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"தெரியும்க்கா. சளின்னு சொன்னது பொய். பயந்துதான் கெளம்பினேன்."

அக்கா என் மகளின் சட்டையை இழுத்துவிட்டார். "இவளுக்குப் பசிக்குது போல" என்று என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அவளைத் தூக்கவில்லை.

மகளுக்கு இது ஒன்றும் புரியாது. இப்போதும் அக்காவின் பாயைப் பார்த்துத் தவழ்கிறாள். தூக்கி வர எழுகிறேன். அக்காவின் கை அவள் பக்கம் நீளுமோ என்று பார்த்து, மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன்.