பௌர்ணமிக்கு ரெண்டு மாத்திரை

போன மாதம் ஒரு டாக்டரம்மாவிடம் கூசாமல் பொய் சொன்னேன். அதுவும் பக்கத்து நாற்காலியில் மனைவி சாந்தி உட்கார்ந்திருக்கும்போதே... என்ன தைரியம் பாருங்கள்!

எனக்கு வயது அறுபத்திரண்டு. ரத்தப் பரிசோதனையில், புராஸ்டேட் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் பி.எஸ்.ஏ. அளவு ஏறியிருந்தது. புராஸ்டேட்டில் கேன்சரா, இல்லையா என்று பார்க்க, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்தாக வேண்டும். அதற்கு நாள் குறிக்கும்போதுதான் டாக்டரம்மா கேட்டார்.

“கடைசி ஆறு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீங்களா சார்?”

“சேச்சே... மாத்திரைன்னாலே எனக்கு ஆகாது மேடம்.”

சாந்தி பொங்கிவிட்டாள்.

“ஏங்க, வாய் கூசலையா? டாக்டரம்மா, இவரு பௌர்ணமி தவறாம கிரிவலம் போவாரு. வெறுங்காலோட நடந்து கால்ல கொப்புளம் வந்துடும். உடனே மெடிக்கல்ல எப்பவும் வாங்கற அதே ஆன்டிபயாடிக் மாத்திரைய வாங்கிப் போட்டுப்பாரு. ரெண்டே ரெண்டு. வலி கம்மியானா விட்டுடுவாரு. கூட நடக்கறவங்களுக்கும் குடுப்பாரு!”

கிரிவலம் போவதை இதே பக்கத்தில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! மாத்திரையைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. அட, கொப்புளத்துக்குப் போட்டுக்கொள்வதை மருந்து என்றே நான் நினைத்ததில்லையே. செருப்பைக் கழற்றிப் போடுவது மாதிரி அதுவும் ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஊசி ஆசனவாய் வழியாகத்தான் புராஸ்டேட்டுக்குப் போகுமாம். குடலில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து விளையாடிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அந்த மருந்துக்கே கிருமி பழகிப் போயிருந்தால்?

“குளிர் ஜுரம் வரும் சார். ஐசியூ வரைக்கும் போகலாம். உயிருக்கே ஆபத்து.”

எனக்கு கேன்சர் பயம் போய் ஊசி பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆசனவாயில் பஞ்சுக் குச்சி வைத்து சாம்பிள் எடுத்தார்கள். வெட்கத்தில் நெளிந்தேன். மூன்று நாளில் ரிசல்ட் — பத்து வருடமாக நான் விழுங்கிய மாத்திரை என் கிருமிகளை இனி ஒன்றும் செய்யாது. பயாப்ஸிக்கு முன்னால் வழக்கமாகக் கொடுப்பதும் அதே மாத்திரைதான்! சாந்தி மட்டும் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்...

என் கிருமிக்கு அடங்கும் மருந்து எது என்று பார்த்து, அதை ஊசியாகப் போட்டார்கள். பயாப்ஸி அரை மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம் வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டில் காவல். காய்ச்சலோ குளிரோ வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், சொந்தமாக எதையும் விழுங்கக் கூடாது — கண்டிப்பான உத்தரவு. தெர்மாமீட்டரும் கையுமாக சாந்தி. ஃபேன் காற்றுக்கு நான் போர்வையை இழுத்தாலே ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

முதல் நாள் நார்மல். இரண்டாம் நாள் நார்மல். ஐந்தாம் நாளும் நார்மல்! ஜெயித்துவிட்டோம்! எலெக்‌ஷனில் ஜெயித்த கவுன்சிலர்கூட அப்படி ஆடியிருக்க மாட்டார்.

உடம்புக்கு நாம் செய்யும் கெடுதலில் பாதியை வைத்தியம் என்ற பெயரில்தான் செய்கிறோம், இல்லையா? அதை டாக்டரிடம் மறைக்க வேறு செய்கிறோம்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா இந்த முறை சிரித்தார். “கேன்சர் இல்ல சார். தைரியமா போங்க.”

சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“கேன்சரும் இல்ல. இனிமே உங்களுக்கு டாக்டர் வேலையும் இல்ல!”